பரணில் விடிகிறது

ஹூப் செத்து இரண்டு நாளாகிவிட்டது.

ஆனால், காலை ஏழு மணிக்கு அவன் வீட்டுப் பரணில் வெளிச்சம் வந்தது!

பக்கத்து வீட்டில், கூரைக்கடியில் அறைபோல் இருந்த பரணில், கட்டில்மேல் குந்தியிருந்த கெர்ரிட்டுக்குப் பல் தந்தியடித்தது. சுற்றிலும் மூன்று ஹீட்டர்கள். மேலே இரண்டு கம்பளி. இருந்தும் குளிர்!

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். உத்திரம் நுழைகிற இடத்தில் விரல் போகிற அளவுக்கு ஓர் இடுக்கு. அந்த இடுக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் ஆள் சத்தம் கேட்கிறதா என்று ஞாயிறு இரவிலிருந்துதான் அவன் பரணில் படுக்கிறான்.

முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

பிறகு அது லேசாக வெளுத்தது. பிறகு இளஞ்சிவப்பு. அவசரமே இல்லாமல்... கையில் விளக்கோடு யாரோ செங்குத்துப் படியில் ஒவ்வொரு படியாக ஏறி வருவதுபோல...

நேற்றும் இப்படித்தான் வந்தது. மாலை ஏழு மணிக்கு, வந்த மாதிரியே மெல்ல மெல்ல இறங்கிப் போனது.

பரணில் ஹூப் கஞ்சாச் செடி வளர்ப்பது கெர்ரிட்டுக்குத் தெரியாததல்ல. இருபது வருடமாக அதற்கு விளக்கும் கரண்டும் கொடுத்தவனே அவன்தான். சோடியம் விளக்குகள்! 'டக்' என்று ஒரு சத்தம், 'ங்ங்' என்று ஓர் உறுமல், கண்ணைக் குத்தும் மஞ்சள். நாகரிகம் தெரியாத விளக்குகள். எந்த விளக்கும் இப்படிப் பூனை மாதிரி வராது.

அப்படியென்றால் இது விளக்கில்லை.

ஹூப்.

கெர்ரிட் கம்பளியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டான்.

ஞாயிறு மதியம் நடந்தது இதுதான்.

போன கோடையிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. திடீரென்று ஹூப் சுவரைத் தட்டிக் கூப்பிட்டான். கொட்டுகிற பனியில், பின்பக்கத் தோட்டம் வழியாகக் கெர்ரிட் போனான். பரண் கதவைச் சாத்திவிட்டு, மேல்படியில் நின்றுகொண்டே ஹூப் விஷயத்தைச் சொன்னான். மகள் மார்லூஸ் சனிக்கிழமை கைக்குழந்தையோடு இங்கேயே குடிவரப் போகிறாள்.

"தெருக் கேபிள்லேர்ந்து நீ திருட்டுக் கரண்ட் இழுத்திருக்கியே, அந்த ஒயரு என் சுவத்துக்குள்ளதான் ஓடுது. தொட்டுப் பாரு, சுவரு சுடுது. குழந்தை படுக்கப்போற ரூம் கெர்ரிட் அது. நாளைக்கு வீட்டு வாரியத்துல சொல்லிடப்போறேன்."

சொன்னால் அவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் வாடகைக்குக் குடியிருந்த வாரிய வீட்டைவிட்டு ஒரே வாரத்தில் தெருவுக்குத் தள்ளிவிடுவார்கள். அறுபத்து மூன்று வயதில் எங்கே போவது?

உன் விளக்கும் அதே கரண்டில்தானே எரிகிறது, இருட்டில் செடி வளர்க்கப்போகிறாயா என்று கேட்டான் கெர்ரிட்.

ஹூப் சிரித்தான். "உன் கரண்ட் எனக்கு எப்பவோ வேண்டாம்னு ஆயிடுச்சுப்பா."

புளுகு என்று நினைத்தான் கெர்ரிட். அந்த விளக்குகளை மீட்டரில் ஓட்டினால் வீட்டையே விற்க வேண்டியதுதான். ஆத்திரம் கண்ணை மறைத்தது. எட்டி, ஹூப்பின் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தான்...

டில்பர்க் நகரத்துப் பழைய வீட்டுப் படிகள் படிகளே அல்ல. ஏணிகள்! ஹூப் அவனைத் தாண்டி விழுந்தான்; கழுத்து முறிகிற சத்தம் சின்னதாகத்தான் கேட்டது.

கெர்ரிட் பரணுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓடி வந்துவிட்டான். அவன் கால் தடத்தைப் பனியே மூடிவிட்டது. மார்லூஸ் வருகிறவரை வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். படி வழுக்கி விழுந்த பாவம் அப்பா என்று அழுது முடித்துவிடுவாள். கெர்ரிட்டுக்கு வீடும் மிஞ்சும், தலையும் மிஞ்சும்.

சனிக்கிழமைவரை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஆனால் இந்த வெளிச்சம்...

அது இப்போது இடுக்கை நிறைத்து, கெர்ரிட்டின் போர்வைமேல் ஒரு நீளமான விரலாக விழுந்தது. இன்னும் நான்கு விடியலை அவனால் தாங்க முடியாது. அந்த உடம்பை யாராவது எடுத்துக்கொண்டு போனால்தான் ஹூப் அடங்குவான் என்று தோன்றியது.

போனை எடுத்துக் காவல்துறையைக் கூப்பிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறக்கவில்லை, வந்து பாருங்கள் என்றான்.

இன்ஸ்பெக்டர் சீட்ஸ்கே வந்தபோது மணி எட்டரை. நாற்பது வயது, சிவந்த மூக்கு, எதற்கும் அவசரப்படாத நிதானம். கார்னிவல் திருவிழாத் தோரணங்களுக்கு அடியில் நின்று தெருவை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஹூப்பின் கதவை உடைக்கச் சொன்னாள். அரை மணி கழித்துக் கெர்ரிட்டின் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தாள். கெர்ரிட் காப்பி கொடுத்தான். டப்பாவிலிருந்து ஒரே ஒரு பிஸ்கட் எடுத்துத் தந்துவிட்டு மூடியை இறுக்கினான். அந்த நிலைமையிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஹூப் இறந்துவிட்டதாகச் சொன்னாள். கெர்ரிட் தலையில் கை வைத்துக்கொண்டான். நன்றாகவே வைத்துக்கொண்டான்.

நீங்களும் அவரும் பேசுவதில்லை என்று தெருவே சொல்கிறதே, அப்புறம் ஏன் போய்க் கதவைத் தட்டினீர்கள் என்று கேட்டாள்.

இந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும். பதிலும் தயார். நெதர்லாந்தில் பனி விழுந்த காலையில் போலீஸ்காரன் முதற்கொண்டு பால்காரன்வரை கூரையைத்தான் பார்ப்பான். எந்தக் கூரையில் பனி உருகிக் கிடக்கிறதோ, அதற்குக் கீழே கஞ்சா விளக்கு எரிகிறது. ஹூப்பின் கூரை இருபது குளிர்காலமாகப் பனி தங்காத மொட்டைக் கூரை. இதைப் போய்ப் பார்க்கவா வேண்டும்?

"காலைல பனி தள்ள வெளிய வந்தேன் மேடம். அவன் கூரையில மட்டும் பனி சுத்தமா உருகிக் கெடந்துச்சு. சண்டைன்னாலும் பக்கத்து வீடாச்சே. தீப்பிடிச்சுடுமோன்னு பயந்து போய்த் தட்டினேன். தொறக்கல."

"உங்க கண்ணால பாத்தீங்களா?"

"இந்தக் கண்ணால."

எழுதினாள். கையெழுத்து வாங்கினாள். பிஸ்கட்டைச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு, கொஞ்சம் வெளியே வருகிறீர்களா என்றாள்.

தெருவுக்குப் போனார்கள்.

கெர்ரிட் அண்ணாந்து பார்த்தான்.

ஹூப்பின் கூரையில் ஒரு முழம் பனி! ஒரு கீறல்கூட இல்லாமல், வெள்ளை வெளேரென்று.

மொட்டையாக, ஓடு தெரியச் சொட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு கூரைதான். அது கெர்ரிட்டின் கூரை. திருட்டுக் கரண்டில் இரண்டு நாளாக ஓய்வில்லாமல் ஓடும் மூன்று ஹீட்டர்கள்!

"நான்கூட முதல்ல உங்க வீட்டைத்தான் சோதனை போடணும்னு நெனச்சேன்," என்றாள் சீட்ஸ்கே. "இல்லாத மொட்டைக் கூரையைப் பாத்துட்டுக் கதவைத் தட்டியிருக்கீங்க. நிஜமா எதைப் பாத்தீங்க, கெர்ரிட்?"

அவன் கண் ஹூப்பின் பரண் ஜன்னலுக்குப் போனது. பனி விலகிய ஒரு மூலையில் அந்த இளஞ்சிவப்பு, அசையாமல், அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் பனியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அதை அணைக்கச் சொல்லுங்க மேடம்... தாங்க முடியல. செத்து ரெண்டு நாளாச்சு, இன்னும் வெளக்கைத் தூக்கிட்டுப் படி ஏறுறான்..."

"ரெண்டு நாளா?" சீட்ஸ்கேயின் குரல் உயரவேயில்லை. "டாக்டர் இன்னும் உள்ளதான் இருக்கார். எப்ப செத்தார்னு அவரே என்கிட்ட சொல்லல. உங்களுக்கு யார் சொன்னா?"

கெர்ரிட் வாயைத் திறந்தான். அப்புறம் எல்லாம் வந்தது. ஒயர், குழந்தை, ஸ்வெட்டர், படி... அழுதுகொண்டே சொன்னான். ஒரு கான்ஸ்டபிள் அவன் தோளில் கோட்டைப் போர்த்தினான், இன்னொருவன் விலங்கை மாட்டினான்.

காருக்குப் போகும் வழியில் சீட்ஸ்கே சொன்னாள். உள்ளே அஞ்சே அஞ்சு செடி; அஞ்சுவரை இங்கே கேஸ் போடுவதில்லை. மேலே எல்.ஈ.டி விளக்கு. சூடே கிடையாது, கரண்டும் சொற்பம். பக்கத்திலேயே சின்னதாக ஒரு பெட்டி. காலையில் அரை மணி நேரத்தில் சூரியன் மாதிரி மெல்ல ஏற்றும், சாயங்காலம் மெல்ல இறக்கும். செடி விடிகிறது என்று நினைத்துக்கொள்ளுமாம்.

"வெறும் வெளக்கா...?" என்றான் கெர்ரிட்.

"வெறும் வெளக்கு. நீங்க சும்மா படுத்திருந்தா நாங்க வந்தேயிருக்க மாட்டோம்."

கார் கிளம்பியது. கெர்ரிட் குழந்தைபோல் மெதுவாகக் கேட்டான்.

"மேடம்... ஹூப் அங்கேயும் வருவானா?"

சீட்ஸ்கே கண்ணாடியில் அவனைப் பார்த்தாள்.

"ஜெயிலுக்கா? எப்படி விடுவாங்க... அவர்மேல கேஸே இல்லையே!"