சுரண்டிய பெயர்

ஈரானின் காஷான் நகரில் ஈரஜ் ஆகாவின் வீட்டு வாசலில் எங்கள் வண்டி நின்றபோது மணி காலை பதினொன்று. குளிர்காலத்தின் தொடக்கம். வெயிலில் வெளிச்சம் இருந்தது, சூடு இல்லை. அவர் ஓய்வு பெற்ற மருந்துக் கடைக்காரர். மனைவி இறந்தபிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். கேமராப் பெட்டிகளை இறக்கத் தானும் கை கொடுத்தார்.

"ஒரே ஒரு அலமாரி புத்தகம்தான் இருக்கு. அதுக்கு இத்தனை பெட்டியா?"

"பாதிக்கு மேல விளக்குதான் ஆகா. கண்ணுக்குத் தெரியாததைக்கூட இது படம் பிடிச்சிடும்" என்றாள் என்னோடு வந்த நூஷின்.

"அப்போ என் பக்கம் மட்டும் திருப்பிடாதீங்க. இந்த வயசுல மறைக்க வேண்டியது நிறைய இருக்கு."

இருவரும் சிரித்தார்கள். வந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் அவர் அவளை மகளே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஆகா என்றால் ஐயா, கானும் என்றால் அம்மா. அவருக்கு நான் ஹோமெய்ரா கானும். எங்கே போனாலும் நான் ஹோமெய்ரா கானும்தான்.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. பழைய பாரசீகக் கையெழுத்து ஏடுகளைப் படம் பிடித்துக் கணினியில் சேர்க்கும் நிறுவனம் ஒன்றில் பதினான்கு வருடம் வேலை செய்திருந்தேன். பூச்சி தின்ற பக்கம், தண்ணீரில் ஊறிய பக்கம், ஒன்றோடொன்று ஒட்டிப்போன பக்கம் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் போயின. நூஷின் வந்து பதினாறு மாதம்தான் ஆகியிருந்தது. கையெழுத்தைத் தானே படித்துக் காட்டும் நிரல் ஒன்றை எழுதினாள். நான் ஒரு நாள் முழுக்கக் கண்ணைச் சுருக்கிப் படிப்பதை அது ஒரு நொடியில் படித்தது. தெஹ்ரானில் கூட்டம் என்றால் அவளைத்தான் அனுப்பினார்கள். இயக்குநர் டாக்டர் பெஹ்ஜத் என்னிடம் பேசும்போதுகூட "நம்ம நூஷின்" என்றுதான் தொடங்குவார்.

அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

புத்தகங்கள் நிலவறையில் இருந்தன. முற்றத்திலிருந்து பதினெட்டுப் படி கீழே. சுண்ணாம்புச் சுவர். மேலே கூரையில் ஒரு வட்டத் துளை, அதன் வழியாக ஒரு தூண் போல வெளிச்சம் இறங்கியது. இறங்கியதுமே பன்னீர் வாசனை வந்தது. காஷானில் பன்னீர் வாசனைக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இதில் விளக்குப் புகையின் கருகலும் கலந்திருந்தது. பழைய மையில் புகைக்கரியும் பன்னீரும் சேர்ப்பார்கள். அந்த வாசனை எனக்குத் தெரியும். ஆனால் காய்ந்துபோன மை மணக்காது.

அது ஈர மையின் வாசனை.

மூன்றாம் நாள் அந்தக் கவிதைப் புத்தகம் கைக்கு வந்தது. நாற்பத்தொரு கவிதைகள். அழகான எழுத்து, ஒவ்வொரு வளைவும் மூச்சை அடக்கி எழுதியது போல. ஒவ்வொரு கவிதையின் கடைசி அடிகளிலும் முத்திரையாகக் கோலந்தாம் என்ற பெயர். ஈரஜ் ஆகாவின் குடும்பத்துப் பெண், நூற்றெண்பது வருடத்துக்கு முந்தியவள். கவிதைகளும் அவளுடையவை, எழுத்தும் அவளுடையது என்று குடும்பத்தில் சொல்லி வந்திருந்தார்கள்.

பக்கத்தைத் திருப்பும்போது என் விரலுக்கு ஒன்று பட்டது. கோலந்தாம் என்று எழுதிய இடத்தில் மட்டும் தாள் மெலிந்திருந்தது. அடுத்த கவிதையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"நூஷின், இந்த இடத்துல மட்டும் தாளைச் சுரண்டியிருக்காங்க போல இருக்கு. புற ஊதா விளக்கு வச்சுப் பாரேன்" என்றேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் கோலந்தாம் மங்கியது, அதனடியிலிருந்து இன்னொரு பெயர் நீலச்சாம்பலாக எழும்பி வந்தது.

பரிஸாத்.

நாற்பத்தொரு இடத்திலும் பரிஸாத்.

நூஷின் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். படியின் மேலிருந்து அவள் குரல் துண்டு துண்டாக வந்தது. "டாக்டர், கண்டுபிடிச்சாச்சு... ஆமா, நானே பார்த்தேன்... எல்லாப் பக்கத்துலயும்..." பிறகு சிரிப்பு.

கண்டுபிடித்தது என் விரல். நான் அங்கேயே நின்றேன்.

தேநீர் கொண்டுவந்த ஈரஜ் ஆகாவுக்குத் திரையைக் காட்டினாள் நூஷின். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்கு அருகில் குனிந்தார்.

"அப்போ அவ பேரு இதுதானா" என்றார்.

"யாரு பேரு?"

"இந்த வீட்டுல ரெண்டு பொண்டாட்டி இருந்தாங்க மகளே. கோலந்தாம் மூத்தவ. சக்களத்தி வந்தா. சின்னவளுக்குப் பாட்டுக் கட்ட வரும். புருஷன் அவ பாட்டுல மயங்கிப் போயிட்டான். மூத்தவளுக்கு நல்ல கையெழுத்து. 'இவ பாட்டையெல்லாம் நீ அழகா எழுதிக் கொடு'ன்னான். எழுதினா. முதல் வருஷம் எழுதினா. ரெண்டாவது வருஷம் பேனாக்கத்தி எடுத்து வச்சுக்கிட்டு இங்கேயே உட்கார்ந்துட்டா."

"சின்னவ என்ன ஆனா?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "முற்றத்துல உட்கார்ந்து, வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் கேப்பாளாம், 'என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?'ன்னு. யாருக்கும் சொல்லத் தெரியல. பெத்தவளுக்கே தெரியல. எங்க குடும்பத்துக் குர்ஆனோட முதல் தாள்ல எல்லார் பேரும் இருக்கு. அவ பேர் இருந்த இடத்துல ஓட்டைதான் இருக்கு. இன்னிக்கு வரைக்கும் நாங்க அவளைப் பேரில்லாதவன்னுதான் சொல்றோம்."

கொஞ்ச நேரம் கழித்து நூஷின் அவருடன் மேலே போனாள், அந்தக் குர்ஆனைப் பார்க்க. நான் மட்டும் கீழே இருந்தேன். புத்தகத்துக்கான விவரக் குறிப்பைக் கணினியில் நிரப்ப வேண்டும். நூஷின் பாதி நிரப்பி வைத்திருந்தாள். கண்டறிந்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

நூஷின் தவக்கோலி.

அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அழித்தேன். அந்த இடத்தில் என் பெயரை அடித்தேன். எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நன்றாக இருந்தது.

என் முதுகுக்குப் பின்னால் யாரோ மெல்ல மூச்சு விட்டார்கள். நெடுநாள் வலி குறைந்தவர்கள் விடுவார்களே, அப்படி.

பிறகு அந்தச் சத்தம் தொடங்கியது. சர்ரக். நிறுத்தம். சர்ரக். தாளின் மேல் சின்னக் கத்தி ஒன்று பொறுமையாக ஓடும் சத்தம். பதினான்கு வருடமாகத் தாளோடு இருப்பவள் நான். எலிக்கும் கத்திக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும்.

நான் திரும்பவில்லை. அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும் பொத்தானை அழுத்தினேன். என் பெயர் போனது. நூஷின் பெயர் வரவில்லை. கையாலேயே அடித்தேன். ஒவ்வோர் எழுத்தும் வந்தது, நின்றது, ஓரத்திலிருந்து மெலிந்து மறைந்தது.

சர்ரக்.

புற ஊதாப் படங்களைத் திறந்தேன். பரிஸாத் இல்லை. ஒரு படத்திலும் இல்லை. கோலந்தாம் மட்டும் கறுப்பாக, புதிதாக, இப்போதுதான் எழுதியது போலப் பளபளத்தது.

படியில் காலடி கேட்டது. நூஷின்தான். பின்னாலேயே ஈரஜ் ஆகா.

"தாளைத் தொட்டுப் பார்த்தேன் ஹோமெய்ரா கானும், அந்த ஓட்டையோட ஓரம்கூட..." என்று தொடங்கினாள்.

"மகளே, உன் பேர் என்ன சொன்னே?" என்றார் ஈரஜ் ஆகா. "நாக்கு நுனியில நிக்குது. வயசாயிடுச்சு பாரு."

அவள் சிரித்தாள். "அதுக்குள்ள மறந்துட்டீங்களா? என் பேரு..."

வாய் திறந்தபடி நின்றாள்.

சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. கண்ணில் மட்டும் இல்லை.

"என் பேரு" என்றாள் மறுபடியும். பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்தாள். படம் இருந்தது, பிறந்த தேதி இருந்தது. பெயர் இருந்த இடம் வெளுத்து, மெலிந்து, அடியில் இருந்த அவள் விரலின் நிறம் தெரிந்தது.

"விளையாடாதீங்க. என் பேரைச் சொல்லுங்க ஹோமெய்ரா கானும்."

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவள் கெஞ்சிய அந்தக் கணத்தில் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கும் நேரம் அது இருந்தது. என் இடது தோளுக்கு மிக அருகில் யாரோ அதே சந்தோஷத்தோடு நிற்பதை உணர்ந்தேன். பன்னீரும் கரியும் கலந்த மூச்சு என் கன்னத்தில் பட்டது.

"நூஷின்" என்றேன்.

"அது யாரு?" என்றாள் நூஷின்.

போன் அடித்தது. இயக்குநர் பெஹ்ஜத்.

"ஹோமெய்ரா கானும், அபாரம். சுரண்டின இடத்தை நீங்க விரலாலயே கண்டுபிடிச்சீங்களாமே? அதைத்தான் முதல்ல எழுதணும்னு என்கிட்ட ஒருத்தங்க பிடிவாதமா சொன்னாங்க. அரைமணி நேரம் முன்னாடி. யார் சொன்னாங்கன்னுதான்... சொல்லுங்க, உங்ககூட யார் வந்திருக்கா?"

அழைப்பைத் துண்டித்தேன்.

நூஷின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்க்கிறாள் என்று புரிந்தது. எதுவும் அவளுக்குப் பொருந்தவில்லை.

என்ன செய்வதென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. திரையில் எழுதியது நிற்கவில்லை. தாளில் எழுதினாலும் கத்தி இருக்கிறது. சுரண்ட முடியாதது குரல் ஒன்றுதான் என்று தோன்றியது. புத்தகத்தை மடியில் வைத்து முதல் கவிதையைத் திறந்தேன். சத்தமாகப் படித்தேன். கடைசி அடியில் கோலந்தாம் என்று கண் பார்த்தது. பரிஸாத் என்று வாயால் சொன்னேன்.

கத்திச் சத்தம் நின்றது.

இரண்டாம் கவிதை. பரிஸாத். கூரைத் துளை வழியே இறங்கிய வெளிச்சம் ஒரு நொடி மறைந்து வந்தது, யாரோ அதைக் கடந்து போனது போல. ஒன்பதாம் கவிதையில் என் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. கோலந்தாம் என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாம் எளிதாகிவிடும். காதுக்குள் அப்படி ஒரு முணுமுணுப்பு கேட்டது. பெண் குரல். கோபமே இல்லாத குரல்.

"உன் விரல்தானே பார்த்தது" என்றது.

"ஆமா" என்றேன். "என் விரல்தான்." பிறகு பரிஸாத் என்று படித்தேன்.

என் கழுத்தின் பின்னால் குளிர்ந்த கூர்மை ஒன்று வந்து தங்கியது. அழுத்தவில்லை. அங்கேயே இருந்தது. இருபது, முப்பது என்று கவிதைகள் போய்க்கொண்டிருந்தன. ஈரஜ் ஆகா ஒரு கட்டத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, என்ன ஏதென்று கேட்காமல், ஒவ்வொரு கவிதை முடிவிலும் என்னோடு சேர்ந்து அந்தப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் குடும்பம் தொலைத்த பெயர்.

நாற்பத்தொன்றாவது கவிதை முடிந்தபோது தூண் போன்ற வெளிச்சம் சுவர் மேல் ஏறி மஞ்சளாகியிருந்தது.

"நூஷின்" என்றாள் படியில் உட்கார்ந்திருந்தவள். மெதுவாக, தொலைந்த சாவியைத் தடவிப் பார்ப்பது போல. "நூஷின். என் பேரு நூஷின்."

பிறகுதான் அழுதாள்.

அன்றே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் பெயரை அழித்ததையும். "நான் உங்க இடத்துல இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு தெரியல" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. என்னோடு ஒரே அறையில் வேலை செய்கிறாள், அவ்வளவுதான். என் கழுத்தின் பின்னால் ஒரு கீறல் இருந்தது. பத்து நாளில் ஆறிவிட்டது.

வசந்தத்தில் அந்தப் புத்தகம் இணையத்தில் வெளியானது. பரிஸாத்தின் கவிதைகள் என்ற பெயரில், பரிஸாத் பெயர் மறுபடி தெரிந்த எல்லாப் படங்களோடும், எங்கள் இருவர் பெயரோடும். பதிவேற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் நான்கு முறை சரிபார்த்தேன். ஈரஜ் ஆகா தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். முதல் வாரத்திலேயே ஒன்பதாயிரம் பேர் திறந்து படித்திருந்தார்கள். பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதாகச் செய்தி வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை வாசகர் கடிதம் ஒன்று வந்தது. ஹமதானிலிருந்து, முன்பின் தெரியாத ஒரு பெண். நடுவே இரண்டு இடங்கள் வெற்றாக இருந்தன.

"வணக்கம். உங்கள் தளத்தில் இருக்கும் கவிதைகளை நானும் என் தங்கை          உம் சேர்ந்து படித்தோம்.          நல்ல பாடகி. சின்ன வயதிலிருந்து வீட்டில் எல்லோரும் அவளைத்தான் கொண்டாடுவார்கள். நான் இருப்பதே யாருக்கும் தெரியாது. இந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு அப்படி இல்லை. இப்போது அம்மா என் பெயரை மட்டும்தான் கூப்பிடுகிறாள். ஒரு பெண் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து ஏதோ கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவள் யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை. இவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை. உங்களுக்கு மிகவும் நன்றி."