அசையாதது மட்டும்

குளத்தில் கல் எதுவும் இல்லை. படத்தில் மட்டும் ஒரு கல் இருந்தது.

செல்வலட்சுமி துப்பட்டா நுனியால் கேமராவின் திரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். பீர்மேட்டுக்கு மேலே, எஸ்டேட்டின் பழைய குளம். குறுக்கே ஆள் நடக்கிற அகலத்துக்கு ஒரு கற்கரை, பின்னால் பூட்டிக் கிடக்கும் தேயிலை ஃபேக்டரி. எல்லாம் அவள் நினைத்தபடியே விழுந்திருந்தது. காற்றில் ஓயாமல் நெளிந்துகொண்டிருந்த தண்ணீர், படத்தில் இஸ்திரி போட்ட துணியாக வழவழவென்று கிடந்தது. அதன் நடுவில்தான் அந்தச் சனியன், உருண்டையாக, கறுப்பாக, விளிம்பு துல்லியமாக.

"என்னங்க, அங்க ஏதாவது கல்லு தெரியுதா?"

ஜீப்பின் பானட்டில் சாய்ந்திருந்த அவள் புருஷன் மாரீஸ்வரன் எட்டிப் பார்த்தான். "தண்ணிதான் தெரியுது. ஒன் கண்ணாடியத்தான் மொதல்ல தொடைக்கணும். வெல்டிங் பட்டறையில மாட்டுறத மாட்டி வச்சிருக்க."

அவன் சொன்னதில் பாதி உண்மை. லென்ஸின் முன்னால் அவள் திருகியிருந்த ஃபில்டர் அப்படித்தான் இருக்கும். சூரியனைக் காட்டினாலும் மங்கிய பொட்டாகத்தான் தெரியும். அதை மாட்டிவிட்டால் கேமராவுக்குள் ஒன்றும் தெரியாது. அதனால் முதலிலேயே கோணம் பார்த்து, ஃபோகஸ் வைத்து, பிறகுதான் மாட்ட வேண்டும். ஷட்டரைத் திறந்துவிட்டால் நிமிஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அத்தனை நேரமும் சொட்டுச் சொட்டாக வெளிச்சம் உள்ளே இறங்கும். அலை, காற்று, நடந்து போகிற ஆள், எதுவும் பதியாது. அசையாதது மட்டும்தான் படத்தில் நிற்கும்.

சகதி வாடையும் அழுகிய இலை வாடையும் கலந்து மூக்கை அடைத்தது. மழை வேறு எப்போது வேண்டுமானாலும் கொட்டும். கரித்துக்கொட்டிக்கொண்டே ஃபில்டரைக் கழற்றி, துடைத்து, மாட்டி, வ்யூஃபைண்டர் வழியாக வெளிச்சம் கசியாமல் கறுப்பு டேப் ஒட்டி, இரண்டாவது படம் எடுத்தாள்.

கல் இருந்தது. கரையை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

ஃபில்டரில் கறை என்றால் ஒரே இடத்தில் அல்லவா இருக்க வேண்டும்? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். புதிய ரிசார்ட்டின் வரவேற்பறைச் சுவர் முழுக்க ஒட்டப்போகிற படம் இது. இது அமைந்தால் அங்கேயே நிலையான வேலை. அமையாவிட்டால், குமுளியில் கல்யாண மண்டபம் மண்டபமாக சாம்பார் வாளிக்கு வழிவிட்டுக்கொண்டு, மாப்பிள்ளையின் மாமாக்களைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு ஆயுசைக் கழிக்க வேண்டியதுதான். இன்று மாலையோடு கெடு முடிகிறது.

ரிசார்ட் மேனேஜர் ஜிதின் சரியாக அப்போது கூப்பிட்டான்.

"சேச்சி, ஃபோட்டோ ஆயோ? எடிட் செய்யல்லே கேட்டோ. ஒரிஜினல் ஃபைல் தன்னே வேணும். ஓனர் அது பறஞ்ஞிட்டுண்டு."

எடிட் பண்ணாத ஒரிஜினல்தான் வேண்டுமாம், ஓனர் சொல்லிவிட்டாராம். கம்ப்யூட்டரில் கல்லை அழித்துவிடலாம் என்கிற நினைப்பிலும் மண் விழுந்தது.

மூன்றாவது படம் ஓடிக்கொண்டிருந்தபோது கொழுந்து பறிக்கப் போன பெண்கள் கரைமேல் வந்தார்கள். நடப்பவர்கள் பதியமாட்டார்கள் என்பதால் அவள் தடுக்கவில்லை. ஆனால் அவர்கள் நடந்த நடைதான் ஒரு தினுசாக இருந்தது. தலையில் சாக்கு, வாயில் பேச்சு, கால் மட்டும் விடாமல் போய்க்கொண்டே இருந்தது. முன்னால் போனவளின் செருப்பு கழன்றது. அவள் குனியவில்லை. விட்டுவிட்டு வெறுங்காலோடு போனாள்.

"அக்கா, செருப்பு விழுந்திருச்சு! நின்னு எடுத்துட்டுப் போங்க!"

"கெடக்கட்டும் தாயி." கடைசியாக வந்த கிழவி அழகுத்தாய் திரும்பாமலேயே சொன்னாள். "இந்தக் கரையில நாங்க நிக்கிறதில்ல."

"ஏன்?"

"எங்கம்மா காலத்துலருந்தே நிக்கிறதில்ல. நீயும் வெரசாக் கெளம்பு." பேச்சு முடிவதற்குள் அவள் அக்கரை சேர்ந்துவிட்டாள்.

படம் திரையில் வந்தது. பெண்கள் ஒருத்தரும் இல்லை. அனாதையாக ஒரு செருப்பு. செருப்புக்குக் கொஞ்சம் தள்ளி, கரையை ஒட்டினாற்போல், கல். செல்வலட்சுமி பெரிதாக்கிப் பார்த்தாள். கல் ஈரமாக மின்னியது. அதன் மேல் பாசி, நீளநீளமாக. கரையின் விளிம்பை வெளிறிய வேர்கள் நாலைந்து பற்றியிருந்தன. வேர்தான், என்று சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு வேரின் நுனியிலும் நகம் மாதிரி ஏதோ இருந்ததை அவள் மேற்கொண்டு பெரிதாக்கவில்லை.

தலையை நிமிர்த்திக் கரையைப் பார்த்தாள். செருப்பு கிடந்தது. வேறொன்றும் இல்லை.

"போவோம் செல்வி. மஞ்சு எறங்குது. கை தெரியாம வளைவுல வண்டி ஓட்டச் சொல்லுவ."

"ஒரே ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு." அவளுக்குள் பிடிவாதம் ஏறியிருந்தது. கல் போகவில்லையா, மறைத்துவிட்டால் போயிற்று! தனியாக ஒரு மனுஷன், முதுகு காட்டி, மூடுபனியில். ரிசார்ட்காரர்களுக்கு அதெல்லாம் உயிர். "நீங்க போய் அந்தச் செருப்புக்குப் பக்கத்துல நில்லுங்க. அந்த இடத்த மறைச்ச மாதிரி. தண்ணியப் பார்த்து."

"நானா? நான் எங்க அசையாம நின்னேன், இன்னிக்கு நிக்க?"

அதுவும் சரிதான். தாலி கட்டும்போதே காலை ஆட்டியவன். நின்றால் விரலைச் சொடுக்குவான், இருமுவான், இல்லாவிட்டால் எதையாவது முணுமுணுப்பான்.

"எனக்காக நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் அசையக்கூடாது."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மஞ்சள் மழைக்கோட்டை மாட்டி, தொப்பியை இழுத்துவிட்டு, கரைமேல் போய் நின்றான். செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினான். ஒரு தரம் இருமினான்.

அவள் ஷட்டரைத் திறந்தாள்.

வெளிச்சம் குறைந்திருந்ததால் நேரத்தைக் கூட்டி வைத்திருந்தாள். மூடுபனி ஃபேக்டரியை விழுங்கி, குளத்தின் மேல் தவழ்ந்து வந்தது. மதகில் தண்ணீர் விழுகிற சத்தம் இருந்தது, எங்கோ ஒரு பஸ் வளைவில் ஹாரன் அடித்தது, தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. பிறகு தவளைகள் கத்தவில்லை. பிறகு மதகும் கேட்கவில்லை.

அவள் அவன் மேலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. மஞ்சள் கோட்டு ஆடாமல் அசையாமல் நின்றது. இருமல் இல்லை, சொடுக்கு இல்லை. காற்றில் கோட்டின் ஓரம்கூடப் படபடக்கவில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் இன்றுதான் மனுஷர் சொன்ன பேச்சைக் கேட்கிறார் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஷட்டர் மூடிக்கொண்டது.

படம் வந்தது. முதலில் அவள் பார்த்தது கல்லைத்தான். கல்லைக் காணோம். தண்ணீர் வழவழவென்று சுத்தமாகக் கிடந்தது. மூச்சு வந்தது அவளுக்கு.

அப்புறம்தான் கரையைப் பார்த்தாள்.

கரையில் யாரும் இல்லை.

அவன் நின்ற இடத்திலிருந்து மஞ்சளாக ஒரு கோடு கிளம்பியிருந்தது. கலங்கலான, அகலமான கோடு. அது கரையின் விளிம்பில் மடிந்தது. தண்ணீரில் இறங்கியது. குளத்தின் நடுவரைக்கும் போனது. அங்கே மெலிந்து, மெலிந்து, முடிந்தது.

வேகமாகப் போன எதுவும் இந்தக் கண்ணாடியில் பதியாது. அது அவளுக்குத் தெரியும். அந்த மஞ்சள் நடுக்குளம் போய்ச் சேர அத்தனை நேரமும் ஆகியிருக்கிறது. மெதுவாக. மிக மெதுவாக. அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதே.

செல்வலட்சுமி நிமிர்ந்தாள்.

மஞ்சள் கோட்டு கரைமேல் நின்றது. முதுகைக் காட்டிக்கொண்டு. அசையாமல். கோட்டின் கீழ்முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழை இன்னும் வரவில்லை.

"செல்வி."

மாரீஸ்வரனின் குரல்தான்.

"நீ சொன்ன மாதிரியே நிக்கிறேன். அசையட்டா?"

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் ஜீப் இருந்தது. சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது.

"சொல்லு செல்வி. அசையட்டா?"

அவள் சொல்லவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. அது நின்றது.