ஓரம் விடாத காகிதம்

டெலிபோன் அலறியது.

நிருபர் எடுத்தார். பதினோரு வருடம் சிறைக்குள் இருந்துகொண்டே பத்திரிகைக்கு எழுதியவர். நன்னடத்தைக்காக விடுவித்து மூன்று மாதம்தான். ஜெயிலர் ஒரு புகார் எழுதினால், மீதித் தண்டனைக்கு மறுபடி கம்பி எண்ண வேண்டியதுதான்!

"பல்லி செத்துட்டான்யா..." ஜெயிலரின் குரல்.

பல்லி! ஒரே அறையில் கிடந்தவன். சுவரோடு ஒட்டி நின்று செய்தி பிடிப்பான். இவர் வெளியே வந்ததும் உள்ளிருந்து எழுதும் வேலையை அவன்தான் ஏற்றுக்கொண்டான்.

"எப்படி சார்?"

"தூக்கு! லெட்டர் எழுதி வெச்சிருக்கான். கொண்டு வர்றேன். நீ எழுதினா ஊரே நம்பும்!"

அரை மணியில் லெட்டர் மேஜைக்கு வந்தது. முழு வெள்ளைத்தாளில் ஆறே வரி. அச்சு அசலாக பல்லியின் கையெழுத்து.

நிருபர் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி.

கண் கலங்கியது.

"அழாம எழுதுய்யா!" என்று தோளைத் தட்டிவிட்டு ஜெயிலர் போனார்.

செய்தி ஆசிரியை ஓடி வந்தாள்.

"என்னண்ணே?"

"மிரட்டி எழுத வெச்சுக் கொன்னுட்டாங்கம்மா!"

"லெட்டர் இருக்கே..."

"உள்ள மாசத்துக்கு நாலு தாள்தாம்மா குடுப்பாங்க. ரெண்டு பக்கமும், ஓரம்கூட விடாம எழுதுவோம். ஆறு வரிக்கு ஒரு முழுத்தாளை எந்தக் கைதியும் வீணாக்க மாட்டான்... சாகப் போறவன்கூட!"

இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். பல்லி போன வாரம் ரகசியமாக அனுப்பியது. சிறை ஆஸ்பத்திரி மருந்தை ஜெயிலர் வெளியே விற்கும் கதை. இரண்டு பக்கமும் ஊசி குத்த இடமில்லை!

"இதை ஏன் போடாம வெச்சிருந்தீங்க?"

"அவர் தரப்பையும் கேட்கணும்னு... ஜெயிலருக்கு நான்தாம்மா போன் பண்ணேன். பல்லி பேரைச் சொல்லல. உள்ளேருந்து எழுதுறவன் அவன் ஒருத்தன்தானே!" நிருபர் குலுங்கிக் குலுங்கி அழுதார். "நான்தாம்மா அவனைக் கொன்னேன்!"

அவள் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு தாளையும் போட்டா உங்களை விடுவாரா? நீங்க இல்லாமலே வளர்ந்த பொண்ணு நேத்துதானே முதல் தடவையா உங்களை 'அப்பா'ன்னா?"

"அதாம்மா பயமா இருக்கு..."

இரண்டு தாள்களையும் அவள் கையில் வைத்தார்.

"என் பேரோடயே போடும்மா."

மறுநாள் காலை. முதல் பக்கத்தில் இரண்டு தாள்களும் அருகருகே!

டெலிபோன் மறுபடி அலறியது.

"நன்றி கெட்டவனே! சாயங்காலத்துக்குள்ள உன்னை உள்ள தள்ளிட்டுத்தான்டா இந்த வேலையை விட்டு நான் போவேன்!"

நிருபர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தாராளமா தள்ளுங்க சார்... எங்க பத்திரிகைக்கு உள்ள ஒரு நிருபர் வேலை காலியாத்தானே இருக்கு!"