நின்ற இடத்தில் நூறு மைல்

காரைக்குடி செக்காலையில் குழந்தைவேலுவின் வீட்டுக்குப் பல்கீஸ் வந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. நோன்பு மாதம் என்பதால் தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரக மறுபடியும் பினாங்குக்குப் போறேங்கிறாக அய்யா. நாகப்பட்டினத்துக் கப்பலுக்குச் சொல்லியாச்சு. கல்யாணம் ஆகி அவுக என்னோட இருந்ததைவிட அங்குட்டு இருந்ததுதான் அதிகம். இந்தத் தடவை போனா வரமாட்டாக. நீங்கதான் நிறுத்தணும்."

"நான் எப்படிம்மா நிறுத்த முடியும்?"

"அவுகளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டிட்டாக. அதை எடுத்துவிடுங்க. தானா நிப்பாக."

குழந்தைவேலு மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்குடியில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றால்தான் தெரியும். லாரி ஏன் கவிழ்ந்தது என்று கேட்க வந்தவர்கள், நாளடைவில் நகை எங்கே போனது என்றும் அவரிடமே கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செம்மலை, மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்புகிறவர். திருட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"உட்காருமய்யா. இன்னும் அவங்க சொல்லி முடிக்கல," என்றார் குழந்தைவேலு.

பல்கீஸ் சொன்னாள். அவள் கணவர் சபியுல்லா பினாங்கில் படகு எஞ்சின் பட்டறையில் வேலை பார்த்தவர். திரும்பி வரும்போது பழைய படகு ஒன்றின் டர்போவைக் கொண்டுவந்தார். கோட்டையூர் சாத்தையாவுக்குக் கார்ப் பந்தயத்தில் ஆசை. அவருடைய சிவப்பு ஹெரால்டு காரில் அந்த டர்போவைப் பொருத்தி, மூடிக்கிடந்த அரிசி ஆலையில் அதன் பலத்தை அளந்து பார்க்க ஒரு மேடையும் கட்டினார் சபியுல்லா. சென்னைப் பந்தயத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நேற்றுக் காலை மேடையில் ஓடிய வண்டி அற்புதமாக இழுத்தது. மாலையில் அதே வண்டி கதறியது. பெட்ரோல் தொட்டியில் சீமெண்ணெய் கலந்திருந்தது. அதில் இருந்த, வண்டிக்கென்றே வரவழைத்த விமானப் பெட்ரோல், சபியுல்லாவின் கருவி அறைக்குப் பின்னால் ஒரு டின்னில் கிடைத்தது.

"வாட்ச்மேன் முன்னால வச்சு, சாத்தையா 'எடுத்து விக்கப் பாத்தீகளா பாய்'னு கேட்டுட்டாக. அவுக ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கி வச்சுட்டாக."

குழந்தைவேலு எழுந்தார். "இப்ப செருப்பை மாட்டலாம்," என்றார் செம்மலையிடம்.

ஆலைக்குள் நுழைந்ததும் செம்மலை நேராக மேடைக்கு அருகே போனார். நெல் காய்ந்த தரையில் பள்ளம் தோண்டி, ஆலையின் இரண்டு இரும்பு உருளைகளைப் பதித்திருந்தார்கள். காரின் பின்சக்கரங்கள் அவற்றின்மேல் நின்றன. முன்னும் பின்னும் சங்கிலி போட்டுத் தரையோடு பிணைத்திருந்தது. சக்கரம் சுற்றினால் உருளை சுற்றும். உருளை சுற்றினால் ஒரு பீப்பாயில் உள்ள தண்ணீரைத் துடுப்புகள் கலக்கும். தண்ணீர் கூடக்கூட வண்டிக்கு மலை ஏறுகிற பாரம். அந்தப் பீப்பாயிலிருந்து நீண்ட இரும்புக் கை, நெல் நிறுத்த பழைய தராசை அழுத்தி, எஞ்சினின் பலத்தைக் காட்டும்.

"இவ்வளவும் நீங்களே செஞ்சீகளா பாய்?" என்று கேட்டார் செம்மலை.

மனைவி வற்புறுத்தியதால் வந்திருந்த சபியுல்லா, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். "ஆலையில கெடந்த சாமான்தான்," என்றார்.

காரின் மூடி திறந்திருந்தது. சங்கு போல் சுருண்ட டர்போவைக் குழந்தைவேலு விரலால் தொட்டுப் பார்த்தார். எஞ்சின் வெளியே தள்ளும் புகையே உள்ளிருக்கும் விசிறியைச் சுற்றும். அந்த விசிறி காற்றை அள்ளி மறுபடியும் எஞ்சினுக்குள் திணிக்கும். ஆயிரக்கணக்கான வண்டிகளைப் பார்த்த அவருக்கும் இது புதிது. தான் வீசி எறிகிற மூச்சாலேயே இன்னொரு மடங்கு மூச்சு வாங்குகிற இயந்திரம். கோயிலுக்குள் நிற்பவரைப்போல் அவர் அதன் முன் நின்றார்.

பிறகு சுற்றிப் பார்த்தார். பெட்ரோல் தொட்டிக்குக் கீழே ஒரு ரப்பர் குழாய் கிடந்தது. அதன் ஒரு முனையில் பல் பதிந்திருந்தது. சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில், எண்ணெய் இறைக்கும் கைப்பம்பு தொங்கியது.

"இந்தப் பம்பு எப்ப வந்தது?"

"நோன்பு பிறந்ததும் வாங்கினேன். பெட்ரோலைக் குழாய் வச்சு வாயால உறிஞ்ச முடியாதுல்ல," என்றார் சபியுல்லா.

கருவி அறைக்குப் பின்னால் டின் இன்னும் இருந்தது. வேப்பமர நிழலில், சாக்கால் போர்த்தி வைத்திருந்தது. சாக்கு காய்ந்து விறைத்திருந்தாலும், நேற்று அதை நனைத்துப் போட்ட ஈரம் மண்ணில் வட்டமாகத் தெரிந்தது.

வாசலில் காவலாளி முத்துவீரனும், சாத்தையா வீட்டு டிரைவர் மருதுவும் பேசிக்கொண்டிருந்தார்கள். முத்துவீரன் வெற்றிலைப் பையை நீட்டினார்.

"வேணாம்ணே. வாயெல்லாம் வெந்து கெடக்கு," என்றார் மருது.

"முதலாளியம்மா ஆச்சி வீட்டு ரசத்தை ஆறவச்சுக் குடிக்கணும்டா, கொதிக்கக் கொதிக்கக் குடிச்சா இப்படித்தான்," என்று சிரித்த முத்துவீரன், குழந்தைவேலுவைப் பார்த்து எழுந்தார். "வாங்க பிரேக்கு அய்யா. ஒரு டின் பெட்ரோலுக்கு இம்புட்டுப் பேரா? பெட்ரோல் விக்கிற விலைக்கு டாக்சிக்காரங்ஙெ எல்லாம் சீமெண்ணெயைத்தான் கலக்குறாங்ஙெ. வண்டி செத்த இருமும், இழுக்காது, அம்புட்டுத்தான்."

"வெளியாள் யாராவது வந்தாங்களா நேத்து?"

"ஈ காக்கா வரல. மத்தியானம் சின்ன முதலாளி சாப்பிடப் போனாக. பாய் தொழுகைக்குப் போயிட்டு வந்தாக. மருது உள்ள கட்டையைச் சாய்ச்சிருந்தான். நான் இங்குட்டுத்தான் இருந்தேன்."

சாத்தையா அப்போதுதான் வந்து சேர்ந்தார். முப்பது வயதிருக்கும். கண்கள் சிவந்திருந்தன.

"எனக்கும் இது பிடிக்கலைங்க. ஆனா சாமான் அவர் அறைக்குப் பின்னால இருந்துச்சு. வேற என்ன நினைக்கிறது? இந்த வண்டியை எங்க அண்ணன் பேர்ல ஓட்டணும்னு இருந்தேன். திருப்பத்தூர் ரோட்டுல கார் விபத்துல அவர் போய் ரெண்டு வருசம் ஆகுது. நேத்து இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா எஞ்சினே வெடிச்சிருக்கும்."

"யார் நிறுத்தினது?"

சாத்தையா தயங்கினார். "பாய்தான். எஞ்சின்ல காது வச்சுக் கேட்டுக்கிட்டிருந்தவர், டப்புனு நிறுத்தச் சொல்லிக் கத்தினார்."

"உரலுக்குள்ள கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுன சத்தம்," என்றார் சபியுல்லா தாழ்ந்த குரலில். "சாதா வண்டின்னா சீமெண்ணெய்க்கு இருமும். இதுல காத்தை அமுக்கித் திணிக்கிறோம். நெருப்பு நேரம் தவறிப் பத்தும். பிஸ்டன் உருகி, துண்டு துண்டாத் தெறிக்கும்."

"ஓட்டுனது?"

"மருது. எங்க வீட்டுல நான் பொறந்ததுலேருந்து இருக்கார். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக்கொடுத்ததே அவர்தான்."

செம்மலை குழந்தைவேலுவின் காதருகே வந்தார். "அப்ப மருது இல்லை அண்ணே. வெடிக்கும்னா அதுல போய் உட்காருவாரா? வாட்ச்மேன்தான். பேச்சைப் பார்த்தீங்களா?"

"பேச்சைக் கேட்டேன். நல்ல பேச்சு," என்றார் குழந்தைவேலு.

எல்லோரையும் காரைச் சுற்றி நிற்கச் சொன்னார். பல்கீஸும் வந்து நின்றாள்.

"இதைச் செஞ்சவர் திருடன் இல்லை," என்று தொடங்கினார். "திருடன் டின்னை வெளியே கொண்டுபோயிருப்பான். இதைச் செஞ்சவர் எதிரியும் இல்லை. எதிரி பெட்ரோலை மண்ணுல கொட்டியிருப்பான். இங்கே நல்ல பெட்ரோலை நிழல்ல வச்சு, சூடு ஏறாம இருக்க ஈரச் சாக்கையும் போர்த்தியிருக்கு. பிறகு பத்திரமாத் திருப்பிக் கொடுக்கணும்னு நினைச்ச கை அது."

சாத்தையா நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்தது, பெட்ரோலை இறக்கின விதம். குழாய் முனையில பல் தடம் இருக்கு. யாரோ வாயால உறிஞ்சியிருக்காங்க."

"திருடுறதுன்னு ஆயிட்டா நோன்பு எங்கங்க நிக்கும்?" என்றார் சாத்தையா. ஆனால் குரலில் முந்தைய உறுதி இல்லை.

"நோன்பை விடுங்க. பம்பைப் பாருங்க. மாசம் பிறந்ததுலேருந்து பாய் கை போறது அந்தப் பம்புக்குத்தான். நாலு இழுப்புல டின் நிறையும்போது யாராவது பெட்ரோலைக் குடிப்பாங்களா? அவர் பம்பை மறந்து குழாயைத் தேட வழியே இல்லை. குழாயைத் தேடினவர் வயசெல்லாம் குழாயிலேயே பழகினவர். விமானப் பெட்ரோல் வாயில பட்டா சும்மா விடாது. வெந்துபோகும். அப்புறம் வெற்றிலைச் சுண்ணாம்பை நினைச்சாலே எரியும்."

முத்துவீரனின் கை தன் வெற்றிலைப் பையின் மேல் நின்றது. அவர் மெதுவாக மருதுவின் பக்கம் திரும்பினார்.

"ஆனா அவர்தானே உள்ளே உட்கார்ந்திருந்தார்!" என்று கத்தினார் செம்மலை.

"அதனாலதான் எனக்கு நிச்சயமாச்சு. இங்கே நின்ன எல்லாரும் காருக்கு வெளியே இருந்தாங்க. சீமெண்ணெய் கலந்தா ஆபத்துன்னு தெரிஞ்ச பாய், எஞ்சின் மேலேயே காதை வச்சிருந்தார். அவர் கலந்திருந்தா அப்படி நிக்கமாட்டார். மருது உட்கார்ந்தார், ஏன்னா அவருக்கு ஆபத்துன்னே தெரியாது. சீமெண்ணெய் கலந்தா வண்டி இருமும், இழுக்காதுன்னு மட்டும்தான் டிரைவர்களுக்குத் தெரியும். தராசு முள் எழும்பாது, பந்தயத்துக்கு லாயக்கில்லைன்னு வண்டியை நிறுத்திடுவாங்க. அவர் வேண்டினது அது ஒண்ணுதான். சரியா மருது?"

மருது தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரியாது சாமி," என்றார். "வெடிக்கும்னு சத்தியமாத் தெரியாது. தம்பி அதுல உக்காந்திருந்தா... நெனைக்கவே முடியல. பாய் மேல பழி விழுந்ததும் சொல்லிறலாம்னு வந்தேன். வாய் வரல."

"ஏன் மருதண்ணே?" சாத்தையா அவர் எதிரில் குனிந்தார்.

"உங்க அம்மா ஆச்சிதான் கேட்டாக. உங்க அண்ணனைத் திருப்பத்தூர் ரோட்டுலேருந்து தூக்கிட்டு வந்தது நான்தான? 'இன்னொண்ணையும் நீயே தூக்கிட்டு வந்துறாத மருது'ன்னாக. நான் என்ன செய்ய?"

சாவு நடந்த வீட்டில் ஒரு கார் கிளம்புகிற ஓசை என்ன செய்யும் என்பது அங்கே இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். சாத்தையா அந்த ஓசையோடுதான் தினமும் வீட்டிலிருந்து கிளம்பிப் போயிருக்கிறார்.

அவர் முத்துவீரனை அருகில் அழைத்தார். "நேத்து உங்க முன்னாலதான் சொன்னேன். இன்னைக்கும் உங்க முன்னாலயே சொல்றேன். பாய் எடுக்கலை. நான் சொன்னது தப்பு." பிறகு சபியுல்லாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க பாய்."

சபியுல்லா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "நான் மெசின்ல தப்பு பண்ணிட்டேனோன்னுதான் ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்தேன்," என்றார். பிறகு மருதுவைப் பார்த்தார். "எந்திரிங்க மருது. நீங்க வெந்த வாயி. நான் காஞ்ச வாயி. சேர்ந்து தொட்டியைக் கழுவுவோம். பம்பை எடுங்க!"

செம்மலையே முதலில் சிரித்தார்.

"கப்பல்?" என்று கேட்டாள் பல்கீஸ்.

"அது பாட்டுக்குப் போகட்டும். வரலைன்னு சொல்லி விட்டுர்றேன்."

சாத்தையா வீட்டுக்குப் போய்த் தாயாரை அழைத்துவந்தார். ஆச்சி ஆலை வாசலிலேயே நின்றுகொண்டார். பந்தயத்துக்குப் போகவில்லை, ஆனால் அண்ணனுக்காகக் கட்டிய வண்டி ஒருமுறையாவது முழு வேகத்தில் ஓடவேண்டும் என்று மகன் வழியெல்லாம் சொல்லியிருந்தார். நோன்பு திறந்து, கஞ்சி குடித்து முடித்த பிறகு, பொழுது மங்கும் வேளையில் சபியுல்லா சங்கிலிகளை இழுத்துப் பார்த்தார். சாத்தையா உள்ளே ஏறி அமர்ந்தார்.

முதலில் வெறும் உறுமல்தான். தண்ணீர் ஏற ஏற உருளைகள் முழங்கின. பிறகு டர்போ விழித்துக்கொண்டது. மெல்லிய ஊளை ஒன்று எழுந்து, உயர்ந்து, கூரைத் தகரங்களை நடுங்கவைத்தது. தராசின் கை அழுந்திக்கொண்டே போனது. இரும்புச் சங்கு முதலில் கறுஞ்சிவப்பாகி, பிறகு பழுத்து, அந்தி வெளிச்சத்தில் தனியாகத் தகதகத்தது. குழந்தைவேலு தம்மை அறியாமல் தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். வேகமானியின் முள் நூறு மைலைத் தொட்டது. கார் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

ஆச்சி மெல்ல உள்ளே வந்து பல்கீஸின் பக்கத்தில் நின்றார். மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்நேரம் எங்க போயிருப்பான்?" என்று அவள் காதில் கத்தினார்.

"மதுரைப் பக்கம் போயிருப்பாக ஆச்சி!"

"அம்புட்டு வேகமாப் போறான். ஆனா இங்கனயேதான இருக்கான்!"

பல்கீஸ் எஞ்சின்மேல் குனிந்திருந்த கணவரைப் பார்த்தாள். ஆச்சியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"இருக்கட்டும் ஆச்சி," என்றாள். "ரெண்டு பேரும் இருக்கட்டும்."