நிற்கும்போது மட்டும் ஒரு சத்தம்

“சத்தமே இல்லையே மேடம்.”

திறந்திருந்த பானட்டின் முன்னால் நின்று மெக்கானிக் இதைச் சொன்னபோது, வண்டி கிலுகிலுப்பை மாதிரி கத்திக்கொண்டிருந்தது. அவன் விளையாடுகிறான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

“இல்லையா? ‘கிர்ர்ர்’னு தகரம் நடுங்குற மாதிரி... கேக்கல உங்களுக்கு?”

“இன்ஜினைத் தாங்குற ரப்பர் கிழிஞ்சிருந்தது, மாத்தியாச்சு. இப்போ பாருங்க, எவ்வளவு சாதுவா நிக்குது!”

“அப்போ எனக்குத்தான் காதுல கோளாறா?”

“அதை உங்க ஆஸ்பத்திரியில நீங்களே டெஸ்ட் பண்ணிக்கலாமே... ஃப்ரீதானே?”

அவள் வேலை அதுதான். ஆஸ்பத்திரியில் காது பரிசோதனைப் பிரிவு. கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, ஒவ்வொரு சத்தமாக அனுப்பி, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று குறித்துக்கொள்வாள்.

ஒரு வாரத்துக்கு முன், கொட்டும் மழையில், சிக்னலில் நின்ற வண்டி உதறத் தொடங்கியது. ஓடும்போது ஒன்றுமில்லை. நின்றால் மட்டும் ஸ்டீயரிங் வரை நடுக்கம், கூடவே சத்தம். பயந்துபோய், கண்ணில் பட்ட முதல் பட்டறைக்குள் திருப்பினாள். அது இவனுடையது. அந்தத் தெருவில் இவனுக்குப் பட்டப்பெயர் ‘ஸ்டெதஸ்கோப்’. பானட்டைத் திறக்காமலே, கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவானாம்.

ரப்பர் வந்து சேர ஐந்து நாளாயிற்று. ஐந்து நாளும் காலையில் தன் பழைய வேனில் அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டான். ஸ்பேர் பார்ட்ஸ் கடை அந்தப் பக்கம்தான் என்றான். வெளியே மழை; வைப்பர் ஓயவில்லை. சிக்னலில் நிற்கும்போது அவள் ஏதாவது சொன்னால், அவள் பக்கம் லேசாகச் சாய்ந்து கேட்பான். மழை வெளிச்சம் விழுந்த அந்தக் கண்கள் அவள் உதட்டருகே வந்து நிற்கும். ஐந்தாவது நாள் அவள் வேண்டுமென்றே குரலைத் தாழ்த்திப் பேசினாள்... இன்னும் கொஞ்சம் சாய்வான் என்று.

“டேய் செவிடா!” முன் மேசையில் போனைக் கவனித்துக்கொள்ளும் அவன் அக்கா கத்தினாள். “அந்தச் சத்தம் இங்க வரைக்கும் வருது. மேடத்தை ஏண்டா அலைய விடுற?”

வேலையாட்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தினமும் பார்க்கிற முகம். சத்தம் போய்க்கொண்டிருக்கும், எதிரே இருப்பவர் இன்னும் அதற்காகக் காத்துக்கொண்டிருப்பார். கனத்த சத்தங்கள் கேட்கும், மெல்லிய, கூரான சத்தங்கள்தான் முதலில் போகும். இரும்பைத் தட்டுகிற இடத்தில் வருடக்கணக்காக நிற்பவர்களுக்கு வருவதுதான்.

அப்படியானால், வேனில் சாய்ந்தது... கேட்காததால்தானா?

நினைத்ததும் கூச்சம் வந்தது. கூச்சம் கோபமாக மாற நேரம் ஆகவில்லை.

“உங்களுக்கு இந்த மாதிரிக் கூரான சத்தம் கேக்கல. அதான் விஷயம். வந்து டெஸ்ட் பண்ணிக்கோங்க,” என்றாள், எல்லோர் முன்னாலும்.

சுத்தியல் சத்தம் நின்றது. காத்திருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவன் பானட்டை மெதுவாக இறக்கி மூடினான்.

“வேற ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போங்க மேடம்.”

அதற்குப் பின் ஆறு நாட்கள், சிக்னலுக்குச் சிக்னல் அந்தத் தகர நடுக்கம் கூடவே வந்தது. வழியில் நான்கு பட்டறைகள் இருந்தன. எதிலும் திருப்ப மனம் வரவில்லை. எட்டு வருட வேலையில் கதவைச் சாத்தாமல் அவள் யாருக்கும் முடிவைச் சொன்னதில்லை. அவனுக்கு மட்டும்... நடுப்பட்டறையில்.

ஏழாம் நாள் காலை, ஆட்கள் வருமுன் போனாள். ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அவன் வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

“தப்பு என்னோடது. அதை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

அவன் கையை நெடுநேரம் துடைத்தான்.

“ஒரு வருஷமா இண்டிகேட்டர் ‘டிக் டிக்’ கேக்கல. அம்பு மின்னுதான்னு பாத்துக்குறேன். அக்காவுக்கே தெரியாது. இங்க எல்லாரும் என் காதை நம்பித்தான் வர்றாங்க. அது போச்சுன்னு தெரிஞ்சா யார் வருவா?”

“நான் வந்திருக்கேனே.”

அவன் துடைத்த துணியை மடித்துத் தோளில் போட்டான்.

“கை நல்லாத்தானே இருக்கு? நீங்க தொடுங்க. நான் கேக்குறேன்.”

வண்டியை, அடியில் நின்று வேலை பார்ப்பதற்கான பள்ளத்தின் மேல் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, துடைப்பக் கட்டையோடு கீழே இறங்கினான். அவள் முட்டிபோட்டுக் குனிந்தாள். ஒவ்வொரு பாகமாகக் கட்டையால் அழுத்தினான்.

“இருக்கா?”

“இருக்கு.”

“இப்போ?”

“இருக்கு... கொஞ்சம் பின்னாடி... இன்னும்...”

சைலன்சர் குழாயின் மேல் வெப்பத்தைத் தடுக்க ஒரு தகடு உண்டு. கட்டை அதன் ஓரத்தில் பட்டதுதான் தாமதம்.

“நின்னுடுச்சு!”

கட்டையை எடுத்தான். “வந்துடுச்சு!” அழுத்தினான். “போயிடுச்சு!” எடுத்தான், அழுத்தினான்... தேவைக்கு மேல் இரண்டு முறை. அவளும் சலிக்காமல் சொன்னாள்.

தகட்டின் போல்ட் ஓட்டை துருவேறி அகன்றிருந்தது. வேகம் எடுத்தால் அதிர்வு மாறி அடங்கிவிடும். வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும் ஐடிலில் மட்டும் தகடு குழாயைத் தட்டிக்கொண்டேயிருக்கும். அதைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டையைப் போட்டு முறுக்கினால் போதும். குழாய் சூடு ஆறக் காத்திருந்தார்கள்.

“வேன்ல நீங்க சாஞ்சு சாஞ்சு கேட்டது... காது கேக்காததாலதானே?”

“முதல் நாள் அதுக்குத்தான்.”

“அப்புறம்?”

அவன் ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தான். அது அவன் கையிலேயே இருந்தது.

பட்டையை முறுக்கி முடித்து, இன்ஜினை மறுபடி கிளப்பினான்.

“இப்போ?”

“ஒண்ணுமே இல்ல.”

“சரி, டெஸ்ட்டுக்கு வரேன். ஆனா நீங்கதான் பண்ணணும்.”

“நான் பண்ண முடியாது.”

“ஏன், இன்னும் கோவமா?”

“எங்க ஆஸ்பத்திரியில விதி. சொந்தக்காரங்களுக்கு நாங்களே டெஸ்ட் பண்ணக் கூடாது.”

“நான் உங்களுக்குச் சொந்தம் இல்லையே மேடம்?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். குரல் மெலிந்து, இன்ஜினுக்குள் கரைந்துபோயிற்று.

ஒரு வருடமாக இப்படிப்பட்ட நேரங்களில், புரிந்த மாதிரி தலையாட்டிவிடுவது அவன் வழக்கம். இன்று கையை நீட்டிச் சாவியைத் திருப்பி, இன்ஜினை அணைத்தான்.

“எனக்குக் கேக்கல,” என்றான். “மறுபடி சொல்லுங்க.”

அவள் நிமிர்ந்து, முகம் முழுதும் அவனுக்குத் தெரியும்படி நின்றுகொண்டாள்.

“இப்ப சொந்தமில்ல... ஆனா ஆயிடுவீங்கன்னு தோணுதுன்னு சொன்னேன்.”

இந்த முறை எல்லாமே கேட்டது. அவன் காது நுனிவரை சிவந்துபோனான்.

“அப்படின்னா,” என்றான், “டெஸ்ட்டை வேற ஆளே பண்ணட்டுங்க.”