கரடிக்குள் ஒரு பால்பல்

பொம்மைக் கரடியின் வயிறு குழிந்திருந்தது.

முந்தாநாள்தான் ரோஸ்விதா அதை இறுக்கித் திணித்து முதுகைத் தைத்து மூடினாள். நூல்போல இழைத்த மரச்சுருளைப் பிடிபிடியாக எடுத்து, மழுங்கிய குச்சியால் இடித்து இடித்து, கட்டைவிரலால் அமுக்கினால் எதிர்த்து நிற்கும்வரை நிரப்பியிருந்தாள். இன்று ஜன்னலோரப் பலகையில் உட்கார்ந்திருந்த அதன் வயிறு, யாரோ கையை விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டது போல உள்வாங்கிக் கிடந்தது. தையல் பிரியவில்லை. துணியில் ஓட்டையில்லை. பலகையில் ஒரு சுருள்கூட உதிரவில்லை.

எலி என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

மாடியில் ஸ்வென்யா இருமினாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களை அம்மாவோடு கழிக்க ஷ்டுட்கார்ட் நகரத்திலிருந்து வந்திருந்தாள். இரண்டு நாளாக அந்த வறட்டு இருமல். மாடிப்படியில் வந்து நின்று, கம்பளிச் சட்டையின் கையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அம்மா, எனக்கு சூப் வேணாம். வயிறு திம்முனு இருக்கு."

"நேத்தும் ஒண்ணும் சாப்பிடலையேடி."

"அதான் எனக்கும் புரியல. தொண்டையெல்லாம் மரத்தூள் தின்ன மாதிரி இருக்கு." பழுதுபார்க்க வந்த கரடிகள் வரிசையாகப் படுத்திருந்த மேசையைப் பார்த்துச் சிரித்தாள். "உன் ஆஸ்பத்திரியில எனக்கும் ஒரு படுக்கை போடேன் டாக்டரம்மா. என்ன, காதை மட்டும் மாத்தித் தைச்சிராதே."

சிரிப்பு இருமலாகி, இருமல் மாடியேறிப் போயிற்று.

ரோஸ்விதாவின் ஊரில் நூறு வருஷத்துக்கு மேலாகக் கரடி தைக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய மனிதர், மரத்தில் கட்டிப்போட்ட கரடியைச் சுட மாட்டேன் என்று துப்பாக்கியைத் தாழ்த்தினாராம். அந்த இரக்கத்தின் பெயரைச் சொல்லித்தான் உலகத்துக் குழந்தைகளெல்லாம் கரடி கேட்டார்கள் என்று ரோஸ்விதாவின் அம்மா தைத்துக்கொண்டே சொல்வாள். ரோஸ்விதாவுக்கு வேறு காரணம் தெரியும். கரடியின் முகத்தில் ஒன்றுமே எழுதியிருக்காது. அழுகிறவனுக்கு அது அழும்; பொய் சொல்கிறவனை நம்பும். சொன்னதையெல்லாம் உள்ளே வாங்கிக்கொண்டு திருப்பிச் சொல்லாது. கிழவர்கள்கூட ஒரு காது போன கரடியைக் கோட்டுக்குள் மறைத்து அவளிடம் எடுத்து வருவது அதனால்தான்.

அதனால்தான் பழைய திணிப்பைத் தூக்கிப்போடக் கூடாது. வெளியே எடுத்தால், துணிப்பையில் கட்டிவைத்து, தூசு தட்டி, மறுபடி உள்ளேயே வைக்க வேண்டும்.

இந்தக் கரடி டில்மனுடையது. டில்மன் ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். மூன்று நாளைக்கு முன்பு அவன் அம்மா அன்னெலோரே அதைப் போர்வையில் சுற்றி எடுத்து வந்தாள்.

"ரோஸ்விதாம்மா, கையும் காலும் தொங்குது, அதை மட்டும் பாருங்க. முதல் பல்லு விழுந்தப்ப அவனே அக்குள் கிழிசல் வழியா உள்ள தள்ளிட்டான். 'கரடிக்குப் பல்லே இல்லம்மா, அது எப்படிச் சாப்பிடும்'னான்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "அது உள்ளயே இருக்கட்டும். எனக்கு அவன்கிட்ட இருந்து மிஞ்சினது அது ஒண்ணுதான்."

ரோஸ்விதா தலையாட்டினாள். பழைய திணிப்பைப் பல்லோடு பையில் போட்டு அடுப்பின் பக்கத்தில் வைத்தாள். உள்ளே செத்துக்கிடந்த உறுமல் பெட்டியையும் எடுத்தாள். சாய்த்தால் உறுமும் அந்தச் சின்னத் தகரப் பெட்டியின் தோல் கிழிந்திருந்தது. அதை மேசையில் வைத்தாள்.

மறுநாள் விடிந்தபோது ஜன்னல் உள்பக்கமே உறைந்திருந்தது. அந்த ஊரில் எல்லோரும் வெட்டிப்போட்ட மரச்சுருளில்தான் அடுப்பு மூட்டுவார்கள். தூக்கக் கலக்கத்தில் கை எட்டிய பையை அவிழ்த்து, சுருளை அடுப்புக்குள் திணித்து, தீக்குச்சியைக் கிழித்தாள். குபுக்கென்று பிடித்தது. அடுப்புக்குள் ஏதோ சின்னதாக, 'டக்' என்று வெடித்தது.

அப்போதுதான் கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

சாம்பலை விரலால் சலித்தாள். பல் இல்லை. எங்கும் இல்லை. அன்னெலோரேயிடம் சொல்லியிருக்கலாம். கதவைத் தட்டி, கையைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்தபோது கால் வாசலுக்குப் போகவில்லை. அலமாரிக்குப் போயிற்று. அந்த ஊர் அம்மாக்கள் எல்லோரிடமும் இருப்பது போல அவளிடமும் ஒரு சின்ன மரச்சிமிழ் இருந்தது. அதில் ஸ்வென்யாவின் பால்பற்கள். அரிசி போல, வெள்ளையாக. ஒன்றை எடுத்தாள். பல்லில் பெயரா எழுதியிருக்கிறது?

புதிய சுருளுக்கு நடுவே அதை வைத்துத் தைத்தாள். அன்று மாலைதான் ஸ்வென்யா முதலில் இருமினாள்.

இந்த இரண்டையும் ரோஸ்விதா இன்றுவரை சேர்த்து நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்கக் கைகளுக்கு வேலை கொடுத்தாள்.

இன்று நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியது. கரடியை வாங்க அன்னெலோரே வந்துவிடுவாள். ரோஸ்விதா கரடியைக் குப்புறப் போட்டு முதுகுத் தையலைப் பிரித்தாள். உள்ளே பாதி காலி. பல்லையாவது எடுத்துவிடலாம் என்று விரலை விட்டுத் துழாவினாள். சுருள். சுருள். பிறகு சுருள் இல்லாத ஏதோ ஒன்று.

ஈரமாக இருந்தது. இளஞ்சூடாக.

பல்லை விட்டுவிட்டு விரலைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு வேகவேகமாக, புதுச் சுருள் ஒரு பிடி திணித்தாள். மாடியில் இருமல். இன்னொரு பிடி. இருமல் குறைந்தது. குச்சியால் இடித்தாள். மாடியில் ஒரு மூச்சு அடைத்து நின்றது போல ஒரு சத்தம். கடைசிப் பிடி.

இருமல் நின்றுவிட்டது.

"ஸ்வென்யா?"

தூங்குகிறாள். தூங்கத்தான் செய்வாள். ரோஸ்விதா தைத்தாள். முடிச்சு போடும் முன்பே வாசல் மணி அடித்தது. அவசரமாக நூலைக் கத்தரித்தாள்.

பனிமூட்டத்தோடு உள்ளே வந்த அன்னெலோரே தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"அவன் பல்லு?"

இப்போது சொல்லலாம். இப்போதும் சொல்லலாம். நெஞ்சுக்குள் அந்த வார்த்தை எழுந்து நின்றது.

"இருக்கு," என்றாள் ரோஸ்விதா.

"நீங்க எதையும் மாத்தலையே?"

"மாத்தல. எல்லாம் அப்படியே இருக்கு."

அன்னெலோரே கரடியை வாரி மார்போடு அணைத்தாள். கண்ணை மூடினாள். மெல்லக் கண்ணைத் திறந்தபோது அதில் ஏதோ பயமும் ஏதோ ஆசையும் இருந்தன.

"சூடா இருக்கே... ரோஸ்விதாம்மா, இது மூச்சு விடற மாதிரி இருக்கு."

"அடுப்புப் பக்கம் வெச்சிருந்தேன்."

"அதுவா." அவள் கரடியைக் கோட்டுக்குள் இறுக்கிக்கொண்டாள். "நல்லா இருங்க. உங்க கை நல்லா இருக்கணும்."

கதவு மூடியது. பனியில் காலடிகள் நொறுங்கித் தேய்ந்தன.

ரோஸ்விதா மேசையைத் துடைக்கத் திரும்பினாள். கத்தரி இருந்தது. குச்சி இருந்தது. ஊசிகள் இருந்தன.

உறுமல் பெட்டி இல்லை.

படியில் ஏறினாள். புது மரத்தின் வாசனை. மரக்கடைக்குள் நுழைவது போல. கதவு திறந்தே இருந்தது. விளக்கு போடவில்லை; ஜன்னலில் பனியின் வெளிச்சம் மட்டும்.

ஸ்வென்யா படுக்கையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கால்கள் இரண்டும் நேராக நீட்டி. கைகள் இரண்டும் சற்றே முன்னால், யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்பது போல.

"கண்ணு... ஸ்வென்யா..."

தலை திரும்பவில்லை. உடம்பு மட்டும், இடுப்போடு சேர்ந்து, மெல்ல முன்னால் சாய்ந்தது.

அதன் வயிற்றுக்குள்ளிருந்து, உறுமல் பெட்டியின் கிழிந்த தோல் வழியாக, ஒரு உறுமல் வந்தது.

சாய்ந்த முதுகில் சட்டை மேலேறியிருந்தது. நடுவே, மேலிருந்து கீழே, நெருக்கமான, சீரான தையல். ரோஸ்விதாவின் கைத்தையல். முடிச்சு போடாத நூல் முனை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.