இன்னும் ரெண்டு கிழமை

“ஆறு தசம் நாலு” என்று கதவுக்கு உள்ளேயிருந்து அம்மா சொன்னாள். அந்த எண்ணைக் கைத்தொலைபேசியில் குறிக்கப்போன சயந்தனின் விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. நேற்றும் ஆறு தசம் நாலு. முந்தாநாளும் அதேதான். மேலே தள்ளத் தள்ள அதே எண்தான் வந்துகொண்டிருந்தது. பதினொரு நாள்! இருபது வருடமாகச் சீனி வருத்தத்தோடு இழுபடும் ஒரு மனுசிக்கு, பிட்டுச் சாப்பிட்ட நாளிலும் சூப்போடு படுத்த நாளிலும் ஒரு புள்ளி கூடாமல் குறையாமல் ஒரே இரத்தச் சீனி.

“அம்மா, மெசினை வடிவாப் பாத்தனீங்களோ?”

உள்ளே அம்மா ஏதோ கேட்டாள். கதவைப் பார்த்துக் கேட்கவில்லை, முகத்தை வீட்டுக்குள் திருப்பிக்கொண்டு, சமையலறையில் நிற்கும் ஆளிடம் உப்புப் போட்டாச்சோ என்று கேட்பதுபோல. மீண்டும் குரல் கதவருகே வந்தது.

“ஓம் ராசா. அவ்வளவுதான். நல்லாத்தான் இருக்காம்.”

“ஆர் சொன்னது?”

“ஆர் சொல்லுறது? நீதான்.” சிரித்தாள்.

போன கிழமை தான் சொன்னதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். சாமான் பையைக் கால்மிதியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து, மார்ச் மாதத்தில் தானே தரையில் ஒட்டிய நீலப் பட்டிக்கு அப்பால் போய் நின்றான். ஒன்பது மாதத்தில் பட்டியின் ஓரங்கள் சுருண்டு அழுக்கேறியிருந்தன. எம்மன்புரூக்கே ஊரில் அந்தக் கட்டடத்தின் நாலாம் மாடி. டிசம்பர் மாத வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. படிக்கட்டு யன்னலுக்கு வெளியே பனி பெய்யாமலே வெளிச்சம் வெளுத்துச் செத்துக்கொண்டிருந்தது. தரைக்குப் பூசிய மெழுகின் மணமும் யாரோ வீட்டில் உருகும் சீஸின் மணமும் கலந்து கிடந்தன. இவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. வெந்நீர், டெட்டோல், அதற்குள் ஒளிந்திருக்கும் ஓர் இனிப்பு, பழுத்து வெடித்த பழத்தின் இனிப்பு. முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டான். விளக்கு டிக் என்று அணைந்தது. அந்தக் கட்டடத்துப் படிக்கட்டு விளக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் யாருக்கும் எரியாது. சுவரைத் தடவிப் பொத்தானை மறுபடி அமத்தினான்.

“கால் எப்பிடி அம்மா?”

“நோவே இல்லை ராசா. சுகம்.”

“சரி, அப்ப நான் வெளிக்கிடுறன்.”

“ம்.”

அவ்வளவுதான். அம்மா கேட்கவில்லை. இரண்டு மாடி இறங்கிய பிறகுதான் அது அவனுக்கு உறைத்தது. எத்தினை நாளைக்கு ராசா இப்பிடி? மார்ச்சிலிருந்து ஒவ்வொரு நாளும் அவன் புறப்படும்போது அம்மா தில்லைநாயகி கேட்கும் கேள்வி. அவனும் ஒவ்வொரு நாளும் ஒரே பதிலைத்தான் சொல்வான்: இன்னும் ரெண்டு கிழமை, பதினாலே நாள். கடைசியாக அவள் எப்போது கேட்டாள்? யோசித்துப் பார்த்தான். பதினொரு நாள் இருக்கும்.

சயந்தன் லுற்சேர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளன். மார்ச்சில் தொற்றுப் பயத்தில் எல்லாம் மூடப்பட்ட அன்று, வேறாக ஓர் அறைக்குக் குடிபோக முன், இதே கதவடியில் நின்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினான். “என்னாணை அம்மா, ஆர் வந்தாலும் திறக்கக்கூடாது. நானே வந்து தட்டினாலும் திறக்கக்கூடாது. எல்லாம் முடிஞ்சுது எண்டு நான் சொல்லுறவரைக்கும்.” அப்பா செத்து ஏழு வருடம். இருக்கிற ஒரே பிள்ளை தன்மேல் ஆணை வைத்துக் கேட்டால் எந்தத் தாய் மீறுவாள்? கோடையில் ஊர் எல்லாம் திறந்தது, ஆற்றங்கரையில் சனம் பியரோடு இருந்தது, அப்போதும் அவன் உள்ளே போகவில்லை. இன்னும் ரெண்டு கிழமை பார்ப்போம் என்றான். நவம்பரில் அவன் வேலை செய்த மாடியில் ஆறு கட்டில்கள் வெறுமையாகின. அதற்குப் பிறகு தன் மூச்சைக் கண்டாலே அவனுக்குப் பயம்.

அக்டோபர் கடைசியில் அம்மாவின் வலது பெருவிரலடியில் ஒரு கொப்புளம் வந்தது. புதுச் செருப்பு கடித்ததாம். அனுப்பிய படம் கலங்கலாக இருந்தது. மருந்து பூசுங்கோ, கட்டுங்கோ, நனைக்காதையுங்கோ என்று கதவுக்கு வெளியே நின்றபடி சொல்லிக்கொடுத்தான். கொப்புளம் புண்ணாகியது. கடைசியில் பயந்துபோய், வரும் திங்கட்கிழமைக்குக் கால் பார்க்கும் நேரம் எடுத்து வைத்திருந்தான்.

முதலாம் மாடியில், அங்கே குடியிருக்கும் ஃபிராவ் பௌமன் குப்பைப் பையோடு நின்றாள். அவனைக் கண்டு சுவரோடு ஒதுங்கி, கண்ணால் சிரித்தாள்.

“நீங்கள் அம்மாவோடேயே வந்து தங்கினது நல்ல காரியம்” என்றாள் ஜெர்மனில். “என் பிள்ளைகள் வாட்ஸப்பில் பூ அனுப்புகிறார்கள்.”

“நான் தங்கவில்லையே.”

“காலையில் இதே படியில்தானே வணக்கம் சொன்னீர்கள்? குப்பையோடு?” பையை அசைத்துக் காட்டினாள். “கனமான பை.”

காலை ஆறு மணியிலிருந்து அவன் வேலையில் நின்றான். மனுசிக்கு வயது எண்பத்தொன்று, முகக்கவசம் போட்டால் எல்லாத் தமிழ்ப் பெடியன்களும் ஒரே ஆள்தான் போல. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆனால் காருக்குள் ஏறியதும் எஞ்சினைப் போடாமல் டாக்டரின் நிலையத்துக்குக் கைத்தொலைபேசியில் அடித்தான்.

ஒன்பது வயதிலிருந்து அம்மாவின் ஜெர்மன் வாய் அவன்தான். பள்ளிக்கூடப் பையைத் தோளில் போட்டபடி டாக்டருக்கு முன்னால் இருந்து, இரத்தம், சிறுநீர், மாதவிடாய் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தவன். அந்த நிலையத்தில் அம்மாவின் குரலை ஒழுங்காகக் கேட்டவர்களே கிடையாது. அவருக்குப் புரியாது, என்னோடு மட்டும் கதையுங்கள் என்று அவனேதான் எழுதிக் கொடுத்திருந்தான்.

“திங்கட்கிழமை நேரத்தை உறுதிப்படுத்த எடுக்கிறேன்” என்றான்.

தட்டச்சுச் சத்தம். “அதை நீங்கள் ரத்துச் செய்துவிட்டீர்களே?”

“நானா?”

“பத்து நாளைக்கு முன். என்னோடுதான் கதைத்தீர்கள். அம்மாவின் காலை நீங்களே பார்க்கிறீர்கள், புண் ஆறிவிட்டது என்றீர்கள்.” அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். “நேற்றும் எடுத்தீர்கள். கட்டுத்துணி இன்னும் வேண்டுமென்று. ஒரு ஆளுக்கு நாற்பது சுருள் எதற்கு என்று நான்கூடக் கேட்டேனே.”

கைத்தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“அம்மா சுகம்தானே?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

காரின் கண்ணாடியில் அவனுடைய மூச்சு படிந்து, வெளியே கட்டடம் மறைந்துபோயிருந்தது. கையால் துடைத்தான். நாலாம் மாடி. வரவேற்பறையில் மஞ்சள் விளக்கு. திரைச்சீலைக்குப் பின்னால் ஓர் உருவம் குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது. அம்மாவால் அப்படிக் குனிய முடியாது.

படிகளில் ஓடினான். இரண்டாம் மாடியில் விளக்கு அணைந்தது. இருட்டிலேயே ஏறினான். அந்த இனிப்பு மணம் இப்போது மூன்றாம் மாடிக்கே இறங்கி வந்திருந்தது. கதவில் காதை வைத்தான். உள்ளே தண்ணீரில் துணி பிழியும் சத்தம். சொட்டுச் சொட்டாகப் பாத்திரத்தில் விழுந்தது. யாரோ மெல்லிய குரலில், குழந்தையை ஆற்றுவதுபோல, ம், ம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“அம்மா!”

பிழிதல் நின்றது.

“என்ன ராசா, கத்துறாய்?”

“உள்ள ஆரம்மா நிக்கினம்?”

“என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?” அம்மாவின் குரலில் செல்லக் கோபம். “உனக்கு இப்ப பகிடி கூடிப்போச்சு. வெளியில நிண்டு சீனி எவ்வளவு எண்டு கேக்கிறது, பிறகு உள்ள வந்து நிண்டுகொண்டு சிரிக்கிறது. சின்னனிலயும் இப்பிடித்தான், அலுமாரிக்குள்ள ஒளிச்சு நிண்டு கூப்பிடுவாய்.”

“நான் உள்ள வரேல்லையம்மா.”

“பேந்தென்ன? அண்டைக்கு ஆர் வந்து தட்டினது? ‘அம்மா, எல்லாம் முடிஞ்சுது, திறவுங்கோ’ எண்டு ஆர் சொன்னது? நான் எத்தினை தரம் கேட்டனான். முடிஞ்சுதோ, உண்மையா முடிஞ்சுதோ எண்டு. ஓமம்மா எண்டனீ. அதுக்குப் பிறகுதான் திறந்தனான்.”

அவனுடைய கை தானாகவே நீலப் பட்டிக்கு அப்பால் இருந்த விளக்குப் பொத்தானைத் தேடியது. கிடைக்கவில்லை.

“எவ்வளவு காலம் ராசா” என்றாள் அம்மா, குரல் தழுதழுத்தது. “ஒரு மனிசர் தொடாமல். நீ வந்து காலைத் தூக்கி மடியில வைச்சாய். எனக்கு அழுகை வந்திட்டுது. மருந்து கட்டிவிட்டாய், தலை இழுத்துப் பின்னிவிட்டாய். இப்ப ஒரு நோவும் இல்லை. ஒண்டும் தெரியுதில்லை.”

ஒண்டும் தெரியுதில்லை. சீனி வருத்தக்காரர் ஒருவர் தன் காலைப் பற்றிச் சொல்லும் ஆகக் கெட்ட வார்த்தை அதுதான். வேலையில் அவன் எத்தனை தடவை கேட்டிருக்கிறான்!

கதவுத் திறப்பை எடுத்தான். ஒன்பது மாதமாகப் பொக்கெற்றில் சும்மா கிடந்த திறப்பு. இருட்டில் பூட்டுத் துவாரம் அகப்படவில்லை. அகப்பட்டது. திருப்பினான்.

சங்கிலி.

கதவு நாலு விரல் அளவு திறந்து நின்றது. மணம் முகத்தில் அடித்தது. நடைக்கு நேரே வரவேற்பறை. மஞ்சள் விளக்கு. சோபாவில் அம்மா. முகம் தெளிவாக இருந்தது. இரட்டைப் பின்னல், அப்பா செத்த பிறகு வைக்காத குங்குமப் பொட்டு. ஒன்பது மாதத்தில் அவ்வளவு சந்தோசமாக அவளை அவன் காணவில்லை.

கழுத்துவரைக்கும் வெள்ளைக் கட்டு.

வலது கால் ஸ்டூலில் நீட்டியிருந்தது. கட்டு முழங்காலிலிருந்து கீழே வந்து, வட்டமாக, நேர்த்தியாக முடிந்தது. பாதம் வரவேண்டிய இடத்துக்கு வெகு முன்னால் முடிந்தது. அதற்குக் கீழே ஸ்டூலில் ஒன்றும் இல்லை.

தரையில் கறுப்புக் குப்பைப் பை. வாய் கட்டியிருந்தது.

அவளுக்கு முன்னால் முழங்காலில் ஒருவன் இருந்தான். சயந்தனின் சாம்பல் நிறக் குளிருடுப்பு. சயந்தனின் பிடரி. ஒரு கையால் சுருளைப் பிடித்து, மறுகையால் சுற்றி, பிளாஸ்டரைப் பல்லால் கடித்து அறுத்தான். வேலையில் கத்தரிக்கோல் எடுக்கப் பஞ்சிப்பட்டு சயந்தன் அப்படித்தான் அறுப்பான்.

“அம்மா!” கதவை மோதினான். சங்கிலி இழுபட்டது. “அம்மா, இஞ்ச பாருங்கோ! நான் இஞ்ச நிக்கிறன்! அது நானில்லை!”

அம்மா தலையைத் திருப்பினாள். இடைவெளியில் தெரிந்த மெலிந்த முகத்தை, முகக்கவசத்தை, பயந்த கண்களைப் பார்த்தாள். பிறகு காலடியில் இருந்தவனைப் பார்த்தாள். மறுபடி கதவைப் பார்த்தாள். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் அவள் காண்பது இதுதான் முதல் தரம். சயந்தன் முகக்கவசத்தைப் பிய்த்து எறிந்தான். தெரியட்டும். முழு முகமும் தெரியட்டும்.

அம்மா நெடுநேரம் பார்த்தாள்.

“தம்பி” என்றாள். “நீங்கள் ஆர்? ஆரைத் தேடி வந்தனீங்கள்?”

“அம்மா...”

“பாவம், உங்களுக்கும் தாய் இருப்பா. எங்கயோ பாத்துக்கொண்டிருப்பா.” குரலில் உண்மையான இரக்கம். “அவவிட்டப் போங்கோ தம்பி. எனக்கு என்ர பிள்ளை வந்திட்டுது.”

இடது கையை உயர்த்தினாள். அதுவும் வெள்ளையாக, உருண்டையாகக் கட்டியிருந்தது. விரல்கள் இருக்கவேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. அந்த மொட்டையால் முன்னால் இருந்தவனின் தலையை மெல்லத் தடவினாள். முன்னுச்சியிலிருந்து பிடரிவரை. மறுபடியும்.

அவன் சுகத்தில் கண்ணை மூடினான். பக்கவாட்டில் முகம் தெரிந்தது. போன வருடத்து சயந்தனின் முகம், கன்னத்தில் சதை வைத்து, நன்றாகச் சாப்பிட்டுத் தேறிய முகம்.

படிக்கட்டில் வெளிச்சம் இல்லை. சயந்தன் கத்தினான். கத்திக்கொண்டே இருந்தான். கீழே ஒரு கதவு திறந்து, பயந்து, மூடியது.

உள்ளே புதுச் சுருள் ஒன்று அவிழ்ந்தது.

அம்மா சிரித்துக்கொண்டே மற்றக் கையையும் நீட்டினாள்.